சிவப்பு விளக்குக்குப் பிறகு நான்கு விநாடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ வெளிநாட்டில் நடக்கிற பந்தயம். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. நான்கைந்து சுற்று எல்லாக் கார்களும், வேகத்தைக் கட்டுப்படுத்த விடும் சேஃப்டி காருக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தன. பிறகு சிவப்புக் கொடி காட்டிவிட்டார்கள். கார்கள் வரிசையாக வந்து நின்றன.

மாடி வீட்டுக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாக்கா இது, ஒரு மழைக்குப் போயி நிறுத்திட்டானுங்க! இவ்ளோ பெரிய காரு செய்யறானுங்க, மழையில ஓட்ட மாட்டானுங்களா? உள்ள ஏசியில ஒக்காந்துகினு எவனோ பட்டனத் தட்டிட்டான் பாருங்க."

ஏதோ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்றுதான் என்னை அவருக்குத் தெரியும். அந்தப் பொத்தான் இருக்கிற நாற்காலியில் நான் பதினோரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்பு பதினெட்டு வருடம், அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் பென்சிலும் தாளுமாக. மழையில் ஒரு பந்தயத்தை ஏன் நிறுத்துகிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

அப்பா மில் தொழிலாளி. மில் மூடியபோது நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தேன். தட்டாஞ்சாவடியில் இன்ஜின் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. அந்த முதலாளிக்குக் கார் பந்தயப் பைத்தியம். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த பந்தயத் தளத்துக்கு ஒருநாள், சுற்றுக் கணக்கு எழுத ஆள் போதவில்லை என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு வருடம் அப்படி ஞாயிறுதோறும் போய்வந்தேன். மூன்றாவது வருடம் தளத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

அப்போது கணினியில் நேரம் எடுக்கும் வசதி வரவில்லை. கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு காரின் நம்பரையும் கண்ணால் பார்த்துக் கையால் எழுத வேண்டும். கண்ணாடி ஜன்னல் ஓரம் மேசை, ஆறு பேர். பத்து கார்கள் பத்து விநாடிக்குள் போய்விடும். வெயில் நாளில் இது பழகிவிடும். மழை நாளில்தான் சிக்கல். பந்தயக் காரின் டயர் தண்ணீரை வாரிப் பின்னால் அடிக்கும். முதல் கார் தெரியும், இரண்டாவது பாதி தெரியும், மூன்றாவதிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி ஒன்று கடந்து போகும். அவ்வளவுதான்.

முதல் மழைப் பந்தயத்தில் என் தாளில் நான்கு கட்டம் காலியாக இருந்தது. திட்டு விழப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார் முசியே லெயோன்.

அவர்தான் பந்தயத்தின் தலைமை அதிகாரி. எங்கள் ஊர்க்காரர். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டு, ஐம்பது வயதில் புதுச்சேரிக்குத் திரும்பியவர். எல்லாரும், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, 'முசியே' என்றுதான் கூப்பிடுவோம். அவரும் கேட்டில் நிற்பவர் முதல் முதலாளி வரை எல்லாரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார்.

"எத்தனை நம்பர் போச்சு?" என்றார்.

"நாலு, முசியே. மன்னிச்சிக்குங்க. தண்ணியில தெரியல."

"மன்னிப்பு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நீங்க இங்க உக்காந்து, ஆடாம அசையாம, கண்ணாடிக்குப் பின்னால இருந்து பாக்கறீங்க. உங்களுக்கே தெரியல. அந்தக் காருக்குப் பின்னாடி நூத்தம்பது கிலோமீட்டர் வேகத்துல வர்றவருக்கு என்ன தெரியும்?"

உடனே சேஃப்டி காரை இறக்கச் சொன்னார். அன்றிலிருந்து மழை வந்தால் அவருடைய முதல் கேள்வி என்னிடம்தான்: "எத்தனை நம்பர்?" வானிலை ஆபீஸ் சொல்லும் மில்லிமீட்டர் எல்லாம் பிறகுதான்.

அவர் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழை விட்டதும் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் ட்ராக் முழுவதும் நடப்பார். குடை பிடிக்க மாட்டார். எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது, எங்கே குறுக்கே ஓடுகிறது என்று காலாலேயே பார்ப்பார். தேங்கின தண்ணீரைவிட ஓடுகிற தண்ணீர்தான் மோசம் என்பார். தேங்கின இடம் ஓட்டுநருக்குத் தெரியும், ஒதுங்கிப் போவார். ஓடுகிற தண்ணீர் சுற்றுக்குச் சுற்று இடம் மாறும். மழை டயரில் தண்ணீரை வெளியேற்றப் பள்ளங்கள் உண்டு. ஆனால் அதற்கும் ஒரு அளவு இருக்கிறது. அளவு மீறினால் டயர் தரையை விட்டுத் தண்ணீர் மேல் ஏறிவிடும். அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் திரும்பாது, பிரேக்கை மிதித்தால் நிற்காது. ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த நேரத்தில் அவரும் ஒரு பயணிதான்.

நடந்து முடித்து வந்ததும் தன் வரைபடத்தில் நீலப் பென்சிலால் குறிப்பார். எங்கள் ட்ராக்கில் எப்போதும் நீலம் விழுகிற இடம் எட்டாவது திருப்பம். பக்கத்து மேட்டிலிருந்து வடிகிற தண்ணீர் அங்கேதான் குறுக்கே ஓடும்.

நான் சேர்ந்து ஆறாவது வருடம். பெரிய மழை. பந்தயம் முடிய இரண்டே சுற்று பாக்கி. நான் தாளைப் பார்த்துவிட்டு, "முசியே, அஞ்சு நம்பர் போச்சு" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு சுத்து, வசந்தி. இது முடிஞ்சதும் நிறுத்திடலாம். வேண்டிய சுத்தும் ஆயிடும், பந்தயமும் கணக்குல சேந்துடும்."

அந்த ஒரு சுற்றில்தான் அது நடந்தது. எட்டாவது திருப்பத்துக்கு வெளியே, நின்றுபோன ஒரு காருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார் பெருமாள் என்ற மீட்பு ஊழியர். மஞ்சள் கொடி ஆடிக்கொண்டுதான் இருந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்த கார்தான், தண்ணீர் மேல் ஏறி, நேராக வழுக்கிக்கொண்டு போய் அவர்மேல் மோதியது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு கைத்தடி இல்லாமல் அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் முசியே அறிக்கை எழுதினார். எழுதி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, "நேரம் எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க" என்று கொடுத்தார். நடுவில் இப்படி இருந்தது: 'ஐந்து எண்கள் படிக்க முடியவில்லை என்று சுற்றுக் கணக்காளர் வசந்தி தெரிவித்தார். நான் ஒரு சுற்று காத்திருந்தேன். அதற்குக் காரணம் எதுவும் இல்லை. தவறு என்னுடையது.'

நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, கடைசி இரண்டு வரியை எடுத்துவிடலாமே, மழைதானே காரணம் என்று நயமாகச் சொன்னார். முசியே தலை நிமிராமல், முடியாது என்று பிரெஞ்சில், "நோன்" என்றார். அறிக்கை அப்படியே போனது.

அடுத்த பந்தயத்துக்கு எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "மூணு நம்பர் போனா, என்னைக் கேக்காதீங்க. நிறுத்துங்கன்னு சொல்லுங்க. நான் யோசிக்க ஆரம்பிச்சா, சத்தம் போட்டுச் சொல்லுங்க."

பின்னாளில் அவர் ஓய்வு பெற்று, பிரான்சில் துலோனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, அந்த நாற்காலிக்கு என் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு பெண் அங்கே உட்காருவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டு பருவமழை போனதும் முணுமுணுப்பு நின்றுவிட்டது. கணினி வந்து, ஒவ்வொரு காரிலும் நேரம் காட்டும் கருவி பொருத்தின பிறகும், மழை நாளில் இரண்டு பேரைக் கண்ணாடி ஓரம் பென்சிலோடு உட்காரவைப்பதை மட்டும் நான் விடவில்லை. கருவிக்கு மழையிலும் எல்லா நம்பரும் தெரியும். அதுதான் அதில் இருக்கிற குறை.

இனி அருளைப் பற்றிச் சொல்கிறேன்.

குருசுக்குப்பத்துப் பையன். அப்பா, சித்தப்பா எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் தட்டாஞ்சாவடியில் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு, பழுதான பந்தயக் கார்களைச் சரி செய்து, ஓட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு அணி அவனையே ஓட்டுநராக எடுத்துக்கொண்டது. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். "அக்கா, இந்தத் தடவ மழை வந்தா எனக்குத்தான். எனக்குத் தண்ணி பழக்கம்" என்று சிரிப்பான். உண்மைதான். மழையில் அவனைப் போல ஓட்டி நான் யாரையும் பார்த்ததில்லை.

எட்டு வருடத்துக்கு முன்பு, வருடத்தின் கடைசிப் பந்தயம். கார்த்திகை மாதம். பதினாறு சுற்று. அருள் முதலாவதாக வந்தால் அந்த வருடப் பட்டம் அவனுக்கு. இரண்டாவதாக வந்தால் அதுவரை புள்ளிக் கணக்கில் முன்னால் இருந்த சென்னைக்காரருக்கு. குருசுக்குப்பத்திலிருந்து இரண்டு வேன் பிடித்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவன் அம்மாவும் வந்திருந்தார்.

ஆறாவது சுற்றில் தூறல். எட்டாவதில் ஜன்னல் ஓரத்திலிருந்து, "மேடம், ரெண்டு போச்சு... மூணு" என்று குரல் வந்தது. சேஃப்டி காரை இறக்கினேன். பத்தாவது சுற்று முடிவில் மழை தணிந்தது. சேஃப்டி கார் ஓட்டுநர், "எட்டுல தண்ணி வடிஞ்சிடுச்சி, ஓட்டலாம்" என்றார். பந்தயத்தைத் திறந்துவிட்டேன்.

பன்னிரண்டாவது சுற்று முடிந்தபோது சென்னைக்காரர் முதல், அருள் இரண்டு. பதின்மூன்றாவது சுற்று தொடங்கியதும் மேகம் மறுபடி இருண்டது. ஐந்தாவது திருப்பத்தில், மற்றவர்கள் எல்லாரும் ஒதுங்கும் வெளிப்பக்கத்தில் போய், அருள் அவரைத் தாண்டினான். கட்டுப்பாட்டு அறையில் இருந்த நாங்களே எழுந்துவிட்டோம். கூட்டம் எழுப்பிய சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

அடுத்த அரை நிமிடத்தில் வானம் கொட்டியது. எட்டாவது திருப்பத்தின் பொறுப்பாளர் குணா வயர்லெஸ்ஸில் கத்தினார்: "எட்டுல கார் சுத்திடுச்சி! ட்ராக்கு நடுவுல நிக்குது! ட்ரைவர் உள்ளதான் இருக்கார். பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியாது மேடம்!"

என் முன்னால் பன்னிரண்டு திரைகள். ஒன்றில் எட்டாவது திருப்பம், முழுக்க வெள்ளை. இன்னொன்றில் கடைசித் திருப்பத்திலிருந்து வெளியே வரும் அருளின் மஞ்சள் கார்.

விதி எனக்கு மனப்பாடம். சிவப்பு காட்டும்போது முதல் கார் எந்தச் சுற்றில் ஓடிக்கொண்டிருக்கிறதோ அந்தச் சுற்று கணக்கில் வராது. மறுபடி தொடங்க முடியாவிட்டால், அதற்கு முந்தின சுற்றின் முடிவில் யார் முதலோ அவர்தான் ஜெயித்தவர். அருள் கோட்டைத் தாண்டிய பிறகு அழுத்தினால் பதின்மூன்றாவது சுற்று கணக்கில் சேரும். அவன் சாம்பியன். தாண்டும் முன் அழுத்தினால் இல்லை.

இதெல்லாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை. இத்தனை வருடம் சுற்றுக் கணக்கு எழுதியவளுக்குப் பார்த்தவுடன் தெரியும். தெரிந்தது. அழுத்தினேன்.

ட்ராக் முழுவதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அருள் கோட்டைத் தாண்டினான். கணினி பதிவு செய்த வித்தியாசம் நான்கு விநாடி.

எட்டாவது திருப்பத்தில் நின்ற காரின் ஓட்டுநருக்குக் கழுத்தில் வலி. பலகையில் படுக்கவைத்து ஆம்புலன்ஸில் அனுப்பினோம். இருபத்தைந்து நிமிடத்தில் மழை விட்டு, வெயிலே வந்துவிட்டது. மிச்சம் நான்கு சுற்று. இரண்டாவதாகத் தொடங்கினாலும் அருளால் ஜெயிக்க முடியும். நான் ட்ராக்கைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன். ஓட்டலாம் என்றுதான் எனக்கும் பட்டது.

அப்போது ஆம்புலன்ஸ் ஓட்டுநர் போன் செய்தார். "மேடம், அவரைச் சேத்துட்டோம். ஆனா ஏரி ரொம்பி, தரைப்பாலத்து மேல தண்ணி போவுது. நாங்க தாண்டுன பிறகு போலீஸ் கயிறு கட்டிட்டாங்க. இனிமே வண்டி வராது, போவாது."

இன்னொரு ஆம்புலன்ஸ் தளத்தில் இருந்தது. ஆனால் அது சீக்கிரம் போய்ச் சேர வழி இல்லை. அடிபட்டவரை இருபது நிமிடத்துக்குள் மருத்துவமனையில் சேர்க்க முடியாது என்றால் ஒரு காரும் ஓடக் கூடாது. இதில் என் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை. பந்தயம் முடிந்தது என்று அறிவித்தேன். முடிவு, பன்னிரண்டாவது சுற்றின்படி.

அருள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தான்.

"அக்கா, வெளிய வந்து பாருங்க. ட்ராக்கு காஞ்சிக்கினு இருக்கு!"

"ட்ராக்குல ஒண்ணும் இல்ல அருளு. ஆஸ்பத்திரி ரோடு மூடிட்டாங்க."

"எனக்கு ஆஸ்பத்திரியே வேணாம். எழுதிக் குடுக்கறேன்."

"நீ எழுதிக் குடுப்ப. மத்த பதிமூணு பேரு?"

அவன் ஹெல்மெட்டை மறு கைக்கு மாற்றினான். பிறகு குரல் தாழ்ந்தது. "சிவப்பு போட்டப்ப நான் எங்க இருந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

அந்தப் பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. தெரியாது, கவனிக்கவில்லை என்று நான் சொல்லியிருந்தால் அவனுக்கு அது எளிதாக இருந்திருக்கும். திரும்பி இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய அணி எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தது.

நடுவர்கள் மூன்று பேர். நான் வயர்லெஸ் பதிவு, கணினித் தாள், ஜன்னல் ஓரத்துப் பென்சில் தாள் எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். குணா பேசி முடித்ததற்கும் சிவப்பு எரிந்ததற்கும் நடுவில் இரண்டு விநாடிகூட இல்லை. நடுவர் ஒருவர், "அந்த நேரத்தில் யார் முதலில் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். சிலர் அதைப் பலவீனமான பதில் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு இல்லை அது.

பிறகு ஏழாவதாக ஓடிக்கொண்டிருந்த ஓட்டுநரைக் கூப்பிட்டார்கள். இன்னும் நனைந்த உடையை மாற்றாமல் நின்றிருந்தார். "எட்டுக்கு முன்னாடி சிவப்பு லைட்டு மட்டும்தான் தெரிஞ்சிது. காலை எடுத்துட்டேன். கார் மெதுவானதும்தான் முன்னாடி ஒண்ணு குறுக்க நிக்கறதே கண்ணுல பட்டுது. ஒரு கார் நீளம் இடைவெளி இருந்திருக்கும். அவ்ளோதான்" என்றார். சொல்லிவிட்டு அருளைப் பார்த்தார். "சாரிங்க" என்றார், எதற்கென்று தெரியாமல்.

ஆட்சேபம் தள்ளுபடியானது. அருள் யாரையும் பார்க்காமல் வெளியே போனான். கீழே அவன் அம்மா காத்திருந்தார். நான் இறங்கி வரும்போது வழியில் நின்று, "உங்களாலதான்னு சொல்றாங்க" என்றார். கோபமாக இல்லை, விசாரிப்பது மாதிரி.

"ஆமாம்மா, என்னாலதான்."

"அடிபட்ட புள்ள எப்டி இருக்குது?"

"கழுத்துல எலும்பு முறியல. பொழச்சிக்கும்."

தலையை ஆட்டிவிட்டு வேனைப் பார்த்துப் போனார். அன்று சுற்றி வளைத்து வேறு பாதையில் ஊர் வந்து சேர்ந்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பொத்தானைப் பற்றி ஒரு நிமிடம்கூட எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. மனசு கஷ்டப்பட்டது அவனுக்காக.

அடுத்த இரண்டு வருடமும் அருள் ஓட்டினான். பஸ்ஸில் பார்த்தால் எழுந்து இடம் கொடுப்பான், பேச மாட்டான். பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டுத் தட்டாஞ்சாவடியிலேயே சொந்தமாகப் பட்டறை போட்டான்.

நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, அடுத்து யார் என்று நிர்வாகம் என்னைக் கேட்டது. மழையைத் தெரிந்த ஆள் வேண்டும் என்று எனக்கு ஆசை. நேராக அருளின் பட்டறைக்குப் போனேன். இன்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான். விஷயத்தைச் சொன்னேன்.

கை துடைத்த துணியை மடித்து ஓரமாக வைத்தான்.

"வேணாங்க்கா."

"ஏன்? உனக்குத் தெரியாத மழையா?"

"மழை தெரியும். மறைக்காம சொல்றேன், கேளுங்க. நான் அந்த நாற்காலில ஒக்காந்து, ஜெயிக்கப் போறவன் நம்ம ஊரு ஆளா இருந்து, இன்னும் நாலு செகண்டுதான்னு தெரிஞ்சா... நான் பொறுத்துருப்பேன். எத்தினியோ வாட்டி யோசிச்சிப் பாத்துட்டேன். ஒவ்வொரு வாட்டியும் பொறுக்கறேன். அதான் வேணாங்கறேன்."

நான் வற்புறுத்தவில்லை. எட்டாவது திருப்பத்துக் குணாவைத்தான் பிறகு பழக்கினோம். இப்போது அவர்தான் உட்கார்ந்திருக்கிறார், நன்றாகச் செய்கிறார்.

அன்று பட்டறை வாசல் வரை அருள் கூட வந்தான். நான் ஸ்கூட்டியை எடுக்கும்போது, "இன்னும் கோவம் போவலக்கா" என்றான்.

"இருக்கட்டும்டா," என்றேன். "அந்தப் பதிமூணாவது சுத்த நீ அப்டில்ல ஓட்டுன."